வலது பக்க விளக்கு

நவம்பர் 9, சனி

இது அப்பாவின் பழைய டிரிப் ஷீட் புத்தகம். பாதிக்கு மேல் எழுதாத தாள்கள் இருக்கின்றன. ஒவ்வொரு தாளிலும் புறப்பட்ட இடம், சேர்ந்த இடம், கிலோமீட்டர் என்று கட்டம் அச்சடித்திருக்கிறது. நான் கட்டங்களுக்கு மேலேயே எழுதுகிறேன். அம்மா தூங்கிவிட்டாள். அப்பா தூங்கவில்லை என்று நினைக்கிறேன், ஆனால் அசையாமல் படுத்திருக்கிறார். அடுக்களையில் ஜீரோ வாட்ஸ் பல்பு எரிகிறது. இதை முடித்ததும் அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்துவிடுவேன்.

நேற்று இரவு எட்டு மணிக்கு, கால்வாய்ப் பாலத்தில், அப்பாவின் கார் பால்காரர் சுடலைமுத்துவின் மொபெட்டில் மோதிவிட்டது. அவருக்கு வலது கால் முறிந்துவிட்டது. திருநெல்வேலி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். கார் ஸ்டேஷனில் நிற்கிறது. அப்பாவுக்கு ஒன்றும் இல்லை. காரில் இருந்த கல்யாண வீட்டுக்காரர்களுக்கும் ஒன்றும் இல்லை.

காலையில் ஏட்டு வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை, நின்றுகொண்டே கேட்டார். பால்காரர், காரில் ஒரு லைட்தான் எரிந்தது என்று சொல்கிறாராம்.

"கெளம்பும்போது ரெண்டும் எரிஞ்சுதுய்யா" என்றார் அப்பா. "தெனமும் எம் மவதான் முன்னால நின்னு பாத்துச் சொல்லுவா. நேத்தும் அவதான் பாத்தா."

ஏட்டு என்னைப் பார்த்தார். "என்ன படிக்க?"

"பதினொண்ணு."

"நேத்து நீ பாத்தியாம்மா? ரெண்டு லைட்டும் எரிஞ்சுதா?"

"எரிஞ்சுது சார்."

அவர் அதை எழுதிக்கொண்டார். என் பெயரைக் கேட்டு அதையும் எழுதினார். செண்பகவல்லி, தகப்பனார் பெயர் ஆவுடையப்பன். என் பெயர் போலீஸ் தாளில் இருக்கிறது. 

நான் பார்த்தேன். எரிந்தது.

நவம்பர் 10, ஞாயிறு

குழாயில் தண்ணீர் வரும் நாள். பதினாலு குடம் பிடித்தேன். பள்ளிச் சீருடை துவைத்தேன். மழை மூட்டம் என்பதால் அடுக்களையிலேயே கொடி கட்டிக் காயப் போட்டிருக்கிறது, எழுதும்போது தாவணி நுனி தலையில் இடிக்கிறது.

அப்பா நாள் முழுதும் வீட்டில் இருந்தார். அவர் வீட்டில் இருக்கும் பகல் எனக்குப் பழக்கமில்லை.

விளக்குப் பார்ப்பதைப் பற்றி எழுதுகிறேன். இது ஏழு வயதிலிருந்து என் வேலை. அந்தி ஆறரைக்கு அம்மா உள்ளே சாமிக்கு விளக்கேற்றுவாள். வெளியே அப்பா காரில் ஏறி உட்காருவார். கார் எதிர்வீட்டுச் சுற்றுச்சுவரைப் பார்த்து நிற்கும். நான் காருக்கும் சுவருக்கும் நடுவில் போய் நிற்பேன். அப்பா மடியில் டிரிப் ஷீட்டை வைத்துத் தேதி எழுதிக்கொண்டே, தலை நிமிராமல், ஒவ்வொரு ஸ்விட்சாகத் தட்டுவார்.

"டிம்மு எரியுதாட்டி?"

"எரியுதுப்பா."

"பிரைட்டு?"

"எரியுதுப்பா."

பிறகு இண்டிகேட்டர், பிறகு பின்னால் ஓடிப்போய் பிரேக் லைட். எல்லாவற்றுக்கும் நான் எரியுது என்று சொன்ன பிறகுதான் வண்டி நகரும். ஒரு நாளும் நான் சொல்லாமல் நகர்ந்ததில்லை. எனக்குக் காய்ச்சல் வந்த நாட்களில் அம்மா போய் நின்றாலும், அப்பா ஜன்னல் பக்கம் திரும்பி, "ஏட்டி செண்பகம், எட்டிப் பாரு" என்பார்.

எதிர்வீடு ரொம்ப நாள் பூட்டிக் கிடந்தது. அந்தச் சுவரில் அப்பா அடுப்புக்கரியால் ஒரு கோடு இழுத்திருந்தார். டிம் வெளிச்சம் அந்தக் கோட்டுக்குக் கீழே விழ வேண்டும். மேலே ஏறினால் எதிரே வருகிறவன் கண் கூசும். ரொம்பக் கீழே இறங்கினால் பள்ளம் தெரியாது. ஒரு பக்கம் மேலேயும் ஒரு பக்கம் கீழேயும் விழுந்தால் விளக்கு ஆடிப்போயிருக்கிறது என்று அர்த்தம். விளக்குக்கும் சீக்கு வரும், அதை முகத்தைப் பார்த்தே சொல்லலாம். வெள்ளையாக எரிய வேண்டியது மஞ்சளாக எரிந்தால் கரண்ட் சரியாக வரவில்லை. கல்லில் ஏறி இறங்கும்போது கண் சிமிட்டினால் ஒயர் எங்கோ விட்டுப்போயிருக்கிறது. கண்ணாடிக்குள் நீர்த்துளி நின்றால் ரப்பர் போய்விட்டது. இதெல்லாம் யாரும் எனக்குப் பாடம் எடுக்கவில்லை. ஒன்பது வருஷம் நின்றால் தெரிந்துவிடும்.

சின்ன வயதில் அந்த வேலை எனக்குப் பெரிய சந்தோஷம். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றால் எனக்கு இரண்டு நிழல் விழும். ஒரு விளக்குக்கு ஒன்று. கையைத் தூக்கினால் இரண்டு செண்பகமும் கையைத் தூக்குவார்கள். ஒருத்தி நல்லவள், ஒருத்தி கெட்டவள் என்று வைத்துச் சண்டை போட விடுவேன். அப்பா ஹாரன் அடிப்பார்.

ஆவணியில் எதிர்வீட்டுக்கு ஆள் வந்தார்கள். சுவருக்கு வெள்ளையடித்தார்கள். கரிக்கோடு போய்விட்டது.

கை வலிக்கிறது.

நவம்பர் 11, திங்கள்

பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது.  என் வகுப்பு ஹர்ஷினி என்னைப் பார்த்தாள், பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள். எதிர்வீடு அவளுடையதுதான். நேற்றே எழுதியிருக்கலாம்.

இயற்பியல் ரெக்கார்டில் கையெழுத்து வாங்கவில்லை.

நவம்பர் 12, செவ்வாய்

பள்ளி விட்டு வந்து தோசைக்கு அரிசி கழுவிக்கொண்டிருந்தேன். வாசலில் சைக்கிள் ஸ்டாண்ட் போடும் சத்தம் கேட்டது.

"ஆவுடையப்பன் இருக்காரா?"

ஞானதுரை மாமா. ரயில்வே கேட் பக்கத்தில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறார். சொந்தக்காரர் இல்லை, நான் மாமா என்று கூப்பிடுவேன். அப்பா நிற்கும் டாக்சி ஸ்டாண்டில் உள்ள ஆறு காருக்கும் லைட், ஹாரன், பேட்டரி எல்லாம் அவரிடம்தான். எங்கள் காரின் வலது பக்க பல்பைப் போன வியாழக்கிழமை மாற்றியவரும் அவர்தான்.

அம்மா உட்காரச் சொன்னாள். அவர் உட்காரவில்லை.

"ஏம் வே, ஸ்டாண்டுல என்ன சொல்லி வச்சிருக்கீரு? நான் டூப்ளிகேட் பல்பு போட்டு ஆளக் கொல்லப் பாத்தேன்னா?"

"நான் அப்படிச் சொல்லல" என்றார் அப்பா. "போட்ட மறுநா பல்பு போச்சுன்னுதான் சொன்னேன். அது நெசந்தான?"

"ஒம்ம ஸ்டாண்டு பரமசிவன் இன்னைக்கு என் கடை முன்னால நின்னு சிரிக்கான். ஞானதுரைகிட்ட வண்டியக் குடுத்தா நெலா வெளிச்சத்துலதான் ஓட்டணும்ங்கான். ரெண்டு நாளா ஒரு வண்டி வரல. எல்லாம் பஸ் ஸ்டாண்டு கடைக்குப் போவுது. இருவது வருசம் வே!"

"அதுக்கு நான் என்ன செய்ய?"

"நான் அன்னைக்கு என்ன சொன்னேன்? பல்புல சீக்கு இல்ல, பின்னால ஹோல்டரு உருகிக் கெடக்கு, எர்த்து ஒயரு பச்சை பிடிச்சிட்டு, ஒரு நா வண்டிய விட்டுட்டுப் போரும்னு சொன்னேனா இல்லையா?"

அப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டார். மறுபடி எடுத்தார்.

"நீரு ஒண்ணும் சொல்லல வே."

என் கையில் இருந்த அரிசி விரலிடுக்கில் ஒழுகியது.

ஞானதுரை மாமா கொஞ்ச நேரம் அப்பாவையே பார்த்தார். பிறகு கதவிடுக்கில் என்னைப் பார்த்துவிட்டார். "பாப்பா அன்னைக்குக் கூட நின்னுச்சே. டியூசன் பையோட நின்னுச்சு. பாப்பாகிட்ட கேளும்."

"ஏட்டி" என்று அப்பா கூப்பிட்டார். திரும்பாமலே கூப்பிட்டார். "மாமா அன்னைக்கு எதுவும் சொன்னாரா?"

வியாழக்கிழமை பேசிய ஒவ்வொரு சொல்லும் எனக்குத் தெரியும். அவர் ஹோல்டரைக் கழற்றி என் கையில்கூடக் கொடுத்தார். பிளாஸ்டிக் பழுப்பாக உருகி, சுட்ட வாடை அடித்தது. அப்பா, "நாளைக்குக் கல்யாண ஓட்டம் இருக்கு, சனிக்கெழம விடுதேன்" என்றார். மாமா, "அப்போ பாப்பா நாளைக்கு நல்லா பாத்துச் சொல்லட்டும். வலது எரியலன்னா வண்டிய எடுக்காதியும்" என்றார்.

"எனக்கு ஞாபகம் இல்லப்பா" என்றேன்.

ஞானதுரை மாமா, "சரி பாப்பா" என்றார். அவ்வளவுதான். சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டிவிட்டுப் போனார்.

அம்மா அரிசியைப் பார்த்துவிட்டு, "எத்தன தடவட்டி கழுவுவ?" என்று கேட்டாள்.

நவம்பர் 13, புதன்

பிரேக் இன்ஸ்பெக்டர் காரைப் பார்த்துவிட்டாராம். பிரேக் சரி. வலது விளக்கின் ஹோல்டர் கருகியிருக்கிறது. ஞானதுரை மாமா சொன்னது அப்படியே. அப்பா இதை அம்மாவிடம் சொன்னபோது குழம்பில் உப்பு இல்லை என்பதுபோலச் சொன்னார்.

பொய்சாட்சி சொன்னால் ஜெயிலா? பதினாறு வயதுக்கும் உண்டா? யாரிடம் கேட்பது?

நவம்பர் 14, வியாழன்

குழந்தைகள் தினம். ஆளுக்கொரு மிட்டாய். மாலை மூன்று பேரும் பஸ்ஸில் திருநெல்வேலி போனோம். பை நிறைய ஆரஞ்சு.

பால்காரருக்குக் காலில் கம்பி வைத்துக் கட்டித் தூக்கிவிட்டிருக்கிறார்கள். நாங்கள் போனதும் அவர் எழுந்திருக்கப் பார்த்தார். கட்டிப்போட்டிருக்கும்போதுகூட மரியாதைக்கு எழுந்திருக்கப் பார்த்தார். அவர் மனைவி மாடத்தி எங்கள் பையை வாங்கவில்லை. அம்மா அதைக் கட்டிலுக்கு அடியில் வைத்தாள்.

"எப்படிண்ணே இருக்கு?" என்றார் அப்பா.

"கால வுடுங்க. கேனு ரெண்டும் நசுங்கிட்டுல்லா? பாலுல ரோடு பூரா வெள்ளையாப் போச்சாம். நாயிவளுக்கு அன்னைக்கு விருந்து" என்று அவர் சிரித்தார்.

"சிரிப்பு ஒண்ணுதான் கொறச்சல்" என்றாள் மாடத்தி. "மாட்ட யாரு கறக்க? இவரு சிரிப்பு கறக்குமா?"

 பால்காரர் அப்பாவிடம் மெதுவாகச் சொன்னார். "உங்க மேல கோவம் இல்ல டிரைவரே. ஆனா நான் போலீசுல சொன்னது நெசம். பாலத்துல ஏறும்போது ஒத்த லைட்டு வந்துச்சு. அதுவும் அந்தக் கைப்பிடிச் சுவரு ஓரமா வந்துச்சு. பைக்குன்னு நெனச்சேன். அவன் அங்கன ஓரமாத்தான வாரான்னு நான் நடுவுலயே போயிட்டேன். கிட்ட வந்த பொறவுதான் மீதிக் காரு இருட்டுக்குள்ள இருக்கது தெரிஞ்சுது."

மீதிக் கார் இருட்டுக்குள். வலது பக்கம். அவர் பக்கம்.

என்னைப் பார்த்து, "இதான் லைட்டு பாக்குற புள்ளயா?" என்று கேட்டார். "ஏட்டையா சொன்னாரு. எங்க வீட்டுல ஒருத்திக்கும் இந்தப் பொறுப்பு வராது."

திரும்பும் பஸ்ஸில் எதிரே வந்த வண்டிகளை எண்ணினேன். நாற்பத்தொன்று. அதில் ஒற்றை விளக்கோடு வந்தவை பதினாறு. நெருங்கிய பிறகு பார்த்தால் பதினைந்து பைக், ஒன்று லாரி.

நவம்பர் 15, வெள்ளி

நான் பார்க்கவில்லை.

எட்டாம் தேதி நான் விளக்கைப் பார்க்கவில்லை. பார்க்காமலே எரியுது என்று சொன்னேன்.

எழுதிவிட்டேன். ஆனால் வேறொன்றும் உண்டு. அந்த ஹோல்டர் விட்டுவிட்டுத் தொடும் என்று மாமாவே சொன்னார். நான் பார்க்காத நேரத்தில் அது எரிந்திருக்கலாம். பிறகு வழியில் அணைந்திருக்கலாம். அப்படியென்றால் நான் சொன்னது பொய்யாகாது. யாராலும் இல்லை என்று சொல்ல முடியாது.

நவம்பர் 16, சனி

நேற்று எழுதியதைப் படித்தேன். தாளைக் கிழிக்கப் போனேன். கிழிக்கவில்லை.

ஹர்ஷினியைப் பற்றி எழுத வேண்டும். அவள் அப்பா பேங்க் மேனேஜர். அவள் வகுப்பில் சேர்ந்ததும் நான்தான் அவளுக்கு ரெக்கார்ட் எல்லாம் கொடுத்தேன். என் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டாள். டிராவல்ஸ் வைத்திருக்கிறார் என்று சொன்னேன். நாலு கார் என்று சொன்னேன். ஏன் நாலு என்று தெரியவில்லை. எதிர்வீட்டுக்கு அவள்தான் குடிவரப்போகிறாள் என்று அப்போது எனக்குத் தெரியாது.

வந்த முதல் வாரமே மாடியில் நின்று பார்த்துவிட்டாள். நான் காருக்கு முன்னால் நின்று எரியுதுப்பா, எரியுதுப்பா என்று கத்துகிறேன். நாலு கார் இல்லை. ஒரு கார். அதன் கதவில் டிரைவர் பெயரும் ஸ்டாண்ட் போன் நம்பரும் எழுதியிருக்கிறது.

அவள் நேராக ஒன்றும் கேட்கவில்லை. ஐப்பசி மழையில் ஒரு நாள் வலது விளக்கு மங்கலாக எரிந்தது. நான் சொன்னேன். அப்பா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். விளக்கை உள்ளங்கையால் இரண்டு குத்துக் குத்தினார். அது பளிச்சென்று எரிந்தது. "பாத்தியாட்டி, அடி ஒதவுத மாதிரி அண்ணன் தம்பி ஒதவ மாட்டான்" என்று தெருவே கேட்கச் சிரித்தார். மாடியில் சிரிப்புச் சத்தம் கேட்டது. மறுநாள் வகுப்பில் ஹர்ஷினி மேசையை இரண்டு குத்துக் குத்திவிட்டு, "எரியுதாட்டி?" என்றாள். பத்துப் பேர் சேர்ந்து, "எரியுதுப்பா" என்றார்கள். நானும் சிரித்தேன். நானும் சேர்ந்து சிரித்தேன்.

அதற்குப் பிறகு விளக்கு மஞ்சளாக எரிந்த நாட்களில் நான் சொல்லவில்லை. நாலைந்து நாள் இருக்கும். அந்த வியாழக்கிழமை அப்பா தானாகவே கவனித்துத்தான் ஞானதுரை மாமாவிடம் போனார்.

எட்டாம் தேதி மாடியில் ஹர்ஷினியோடு இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். நான் போய் நின்றேன். அவர்களுக்கு என் முகம் தெரியக் கூடாது என்று குனிந்து, சுவரைப் பார்த்துத் திரும்பி, செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல நின்றேன். அப்பா டிம் போட்டார்.

சுவர் வெள்ளைச் சுவர். என் முன்னால் ஒரு நிழல் விழுந்தது.

ஒன்றுதான்.

நான் விளக்கைப் பார்க்கவில்லை என்பது உண்மை. ஆனால் எனக்குத் தெரியும். ஏழு வயதிலிருந்து எனக்கு இரண்டு நிழல். அன்றைக்கு ஒன்று. எரியவில்லை என்று சொன்னால் அப்பா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்குவார்.

"எரியுதாட்டி?"

"எரியுதுப்பா" என்றேன். பிரைட்டுக்கும் சொன்னேன்.

நவம்பர் 17, ஞாயிறு

ஞானதுரை மாமா கடைக்குப் போனேன். பூட்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விடுவார் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் இன்றைக்குப் போனேன் என்று நினைக்கிறேன்.

நவம்பர் 18, திங்கள்

இன்று திறந்திருந்தது. கடை முன்னால் ஒரு வண்டியும் இல்லை. மாமா ஸ்டூலில் உட்கார்ந்து, எங்கேயோ கழற்றி வந்த ஒரு பழைய மங்கின விளக்குக் கண்ணாடியைத் தண்ணீர் தொட்டு உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார். யாருக்கும் வேண்டாத கண்ணாடி. சும்மா இருக்க முடியாமல் தேய்க்கிறார்.

"என்ன பாப்பா, அப்பா அனுப்புனாரா?"

"இல்ல மாமா."

"அப்போ?"

நான் சொன்னேன். ஹோல்டர், ஞாபகம் இல்லை என்று சொன்னது, நிழல், மாடி, எல்லாம். ஒழுங்காகச் சொல்லவில்லை. முன்னும் பின்னுமாகச் சொன்னேன். அவர் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"நிழல் சமாச்சாரம் எனக்குத் தெரியாது" என்றார். "மத்தது தெரியும். நான் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்காதா?"

"மன்னிச்சிருங்க மாமா."

"மன்னிச்சா நாளைக்கு வண்டி வருமா?"

நான் அழுதேன். அவர் அதற்கும் நிறுத்தவில்லை. கண்ணாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஒரு ஓரம் தெளிந்திருந்தது.

"எங்கிட்ட சொல்லி என்ன புள்ள, நான் என்ன என்னையவா சந்தேகப்படுதேன்? எங்க கெட்ட பேரு ஆச்சோ அங்க சொல்லு." நான் படியிறங்கின பிறகு பின்னாலிருந்து சொன்னார். "மொதல்ல ஒங்கப்பாட்ட சொல்லு. ஸ்டாண்டுல நாலு பேரு முன்னால திடீர்னு போட்டு ஒடச்சிராத. அந்த மனுசனும் பாவம்."

இதை எழுதும்போது அப்பா இன்னும் அசையாமல்தான் படுத்திருக்கிறார். நாளைக்குச் சொல்வேன். நாளைக்குச் சொல்வேன் என்று எழுதிவைத்தால் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நவம்பர் 19, செவ்வாய்

சொல்லவில்லை.

நவம்பர் 20, புதன்

காலையில் அப்பா கிணற்றடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். வாய் நிறைய நுரை இருந்தது. அவரால் உடனே பேச முடியாது என்பதால் அந்த நேரத்தில் போய்ச் சொன்னேன். நிழலைச் சொன்னேன். ஏன் சொல்லவில்லை என்பதையும் சொன்னேன். நீங்கள் கைலியை மடித்துக் கட்டி இறங்குவீர்கள் என்று சொல்லும்போது எனக்குச் செத்துவிடலாம்போல இருந்தது.

அவர் வாய் கொப்பளித்தார். முகம் கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார்.

என்னை அடிப்பார் என்று நினைத்தேன். கிணற்றுச் சுவரில் உட்கார்ந்தார். தன் கைலியைக் குனிந்து பார்த்தார். முழங்காலுக்கு மேல் ஏறியிருந்ததைக் கீழே இழுத்துவிட்டார். அதை நான் எந்த ஜென்மத்திலும் மறக்க மாட்டேன்.

பிறகு சொன்னார். "சுவத்துல ஒரு பக்கம் இருட்டாத்தான் இருந்துச்சு. எனக்கும் தெரிஞ்சுது. நீ நிக்கிய நெழலுன்னு நெனச்சேன்." துண்டால் முகத்தைத் துடைத்தார். "நெனச்சேன்னு இல்ல. நெனச்சுக்கிட்டேன். எறங்கிப் பாத்தா வண்டிய எடுக்க முடியாது. கல்யாண வீட்டுக்காரன் நாலு தடவ போன் அடிச்சிட்டான். நீ எரியுதுன்னு சொன்னது எனக்கு வசதியாப் போச்சு."

கிணற்றுச் சுவரிலிருந்து எழுந்தார்.

"செருப்ப மாட்டு, ஸ்டாண்டுக்குப் போவோம்" என்றார்.

ஸ்டாண்டில் ஐந்து கார் நின்றன. பரமசிவம் மாமா டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரைத்தான் எல்லாரும் பரமசிவன் என்பார்கள். அப்பா போய் நின்றதும் அவர், "வாரும் வே. வண்டி எப்ப வருது? இந்தத் தடவ நல்ல கடையாப் பாத்துப் போட்டுக்கிடும்" என்றார்.

"ஞானதுரை சொன்னாரு" என்றார் அப்பா. சத்தமாகத்தான் சொன்னார். "ஹோல்டரு போச்சு, வண்டிய எடுக்காதன்னு சொன்னாரு. நான்தான் எடுத்தேன். அவரு ஒண்ணும் சொல்லலன்னு நான் சொன்னது பொய்."

 டீ கிளாஸ் வைக்கிற சத்தம் கேட்டது.

அடுத்தது என் முறை. வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததெல்லாம் போய்விட்டது. "அன்னைக்கு ஒரு லைட்டுதான் எரிஞ்சுது. எனக்குத் தெரியும். நான்தான் ரெண்டும் எரியுதுன்னு சொன்னேன்" என்றேன். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா தெரியவில்லை.

பரமசிவம் மாமா முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஏம் வே ஆவுடையப்பா, பச்சப்புள்ளய இழுத்து முன்னால நிறுத்திருக்கீரே" என்றார். கிண்டலே இல்லாமல் சொன்னார். அதுதான் அப்பாவைத் தைத்தது. எனக்காக அப்பா தலைகுனிந்து நின்றதை நான் பார்த்தேன். அங்கே மாடியும் இல்லை, ஹர்ஷினியும் இல்லை. ஆனாலும் அப்பாவையும் இழுத்துக்கொண்டு எங்கேயாவது போய் ஒளிந்துகொள்ள வேண்டும்போல இருந்தது. இந்த முறை அப்பாவை யாரும் பார்க்கக் கூடாது என்பதற்காக.

அங்கிருந்து ஸ்டேஷனுக்குப் போனோம். ஏட்டு முதலில் எழுதிய தாளை எடுத்துப் பார்த்தார். "லைசென்சுக்கு வினை வரும், தெரியும்லா?" என்று அப்பாவிடம் கேட்டார். "தெரியும்யா" என்றார் அப்பா. என்னிடம், "இனிமே பாத்ததச் சொல்லு" என்றார். புதுத் தாளில் எழுதிக்கொண்டார். என்னை ஜெயிலில் போடவில்லை.

நவம்பர் 21, வியாழன்

பள்ளிக்கூடம் போனேன். மதிய இடைவேளையில் ஹர்ஷினியிடம் எங்களுக்கு நாலு கார் இல்லை என்று சொன்னேன். "தெரியுமே" என்றாள்.  புளியோதரை வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

நவம்பர் 22, வெள்ளி

கார் வந்துவிட்டது. வலது பக்கம் நசுங்கியிருக்கிறது. அப்பா நேராக ஞானதுரை மாமா கடைக்குக் கொண்டு போனார். ஹோல்டர், ஒயர், எர்த்து எல்லாம் புதிதாகப் போட்டாராம். இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லையாம். வேலை முடிந்ததும் மாமா, "போட்டுப் பாரும்" என்று மட்டும் சொன்னாராம். பரமசிவம் மாமாவின் வண்டியும் ஹாரன் சரியில்லை என்று அங்கே நின்றதாம்.

லைசென்ஸ் பற்றி அடுத்த மாதம் கூப்பிடுவார்கள். அதுவரை ஓட்டலாம். பால்காரர் வீட்டு மாட்டை அம்மா காலையிலும் மாலையிலும் போய்க் கறந்து கொடுத்து வருகிறாள். மாடத்தி முதல் நாள் வாசலில் நின்று வழிமறித்தாளாம். இரண்டாம் நாள் செம்பை எடுத்து வெளியே வைத்திருந்தாளாம்.

இன்று ஆறரைக்கு அப்பா என்னைக் கூப்பிடவில்லை. காரில் ஏறி லைட்டைப் போட்டார். இறங்கி முன்னால் வந்து பார்த்தார். மறுபடி ஏறி பிரைட் போட்டார். மறுபடி இறங்கினார். பிரேக் லைட்டுக்கு ஒரு செங்கல்லைப் பெடலில் வைத்துவிட்டுப் பின்னால் போய்ப் பார்த்தார். நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்றேன்.

நவம்பர் 23, சனி

இன்றும் செங்கல்.

நவம்பர் 24, ஞாயிறு

பதினாறு குடம் தண்ணீர். ரெக்கார்ட் முடித்துவிட்டேன்.

ஆறரைக்கு அம்மா விளக்கேற்றினாள். அப்பா கார்க் கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது. நான் வெளியே போனேன். கூப்பிடாமல் போய் நின்றேன், காருக்கும் சுவருக்கும் நடுவில், காரைப் பார்த்து. அப்பா டிரிப் ஷீட் எழுதவில்லை. கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாடியைப் பார்க்கவில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. பார்த்தேன். ஹர்ஷினி நின்றாள். எனக்கு இன்னும் வெட்கமாகத்தான் இருந்தது.

டிம் போட்டார். எரியுதாட்டி என்று கேட்கவில்லை.

"ரெண்டும் எரியுதுப்பா" என்றேன். "வலது வெள்ளையா இருக்கு. இடது கொஞ்சம் மஞ்சளா இருக்கு."

மாடிக்குக் கேட்டிருக்கும்.

அவர் இறங்கினார். கைலியை மடித்துக் கட்டவில்லை. இழுத்துப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்று, இரண்டு விளக்கையும் மாறி மாறிப் பார்த்தார். என் சொல் இனிமேல் போதாது. அது எனக்குப் புரிந்தது. பிறகு அவர் சுவர்ப் பக்கம் திரும்பினார். நானும் திரும்பினேன்.

"எத்தனட்டி?" என்றார்.

எண்ணினேன். அவருடையது இரண்டு, என்னுடையது இரண்டு. அவசரப்படாமல் இன்னொரு தடவை எண்ணினேன்.

"நாலுப்பா."

அவரும் எண்ணுவதற்குக் காத்திருந்தேன். எண்ணினார். அதற்குப் பிறகுதான் போய் வண்டியில் ஏறினார்.